வாயுவுக்கு நாற்றம் வந்த கதை

விடியற்காலையில் காப்பி போட அடுப்பங்கரைக்குள் நுழைகிறீர்கள். குப்பென்று மூக்கில் ஏறுகிறது ஒரு வாடை. அழுகின முட்டையா, அழுகின முட்டைக்கோஸா என்று சொல்ல முடியாத வாடை. உடனே சிலிண்டரைத் திருகி மூடுகிறீர்கள். ஜன்னலைத் திறக்கிறீர்கள். "யாரும் ஸ்விட்சைத் தொடாதீங்க!" என்று வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு அதட்டல். ஐந்து நிமிஷத்தில் ஆபத்து விலகிவிடுகிறது. காப்பியும் கிடைத்துவிடுகிறது.

அந்த நாற்றம் காஸின் நாற்றம் என்றுதானே நினைத்துக் கொண்டிருக்கிறோம்? இல்லவே இல்லை. சிலிண்டரில் வரும் காஸாகட்டும், பூமிக்குள்ளிருந்து எடுத்துக் குழாயில் அனுப்பும் இயற்கை வாயுவாகட்டும், சுத்தமான நிலையில் அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. பக்கத்தில் வந்து நின்றாலும் தெரியாது. நாம் முகம் சுளிக்கும் அந்த நாற்றம், கம்பெனிக்காரர்களே வேண்டுமென்று கலந்து அனுப்புவது. காசு வாங்கிக்கொண்டு விற்கிற சரக்கில் விற்கிறவனே துர்நாற்றத்தைக் கலந்து கொடுப்பது வேறு எந்த வியாபாரத்தில் உண்டு?

காஸ் கம்பெனிகள் ஊராருக்குச் செய்யும் உபகாரங்களைப் பற்றிப் பெரிய பட்டியலே போடலாம். அமெரிக்காவில் 1920-களிலேயே இதற்கென்று தனி இலாகா வைத்திருந்தார்கள். சமையல் கலை படித்த பெண்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, ஊர்ப் பெண்களுக்கு காஸ் அடுப்பில் கேக் சுடக் கற்றுக் கொடுத்தார்கள். சமையல் குறிப்புப் புத்தகங்களை இனாமாக அச்சிட்டு வழங்கினார்கள். எல்லாம் நல்லதுதான். அடுப்பு விற்கவும் அது உதவியது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அத்தனை உபகாரங்களையும் ஒரு தட்டில் வைத்து, இந்த நாற்றத்தை மறு தட்டில் வைத்தால் நாற்றத் தட்டுதான் தாழும். அது ஒன்றுதான், "உங்கள் வீட்டுக்குள் ஆபத்து வந்திருக்கிறது" என்று கம்பெனி நமக்கு ஒவ்வொரு முறையும் அனுப்பும் தகவல். எல்லா இடத்திலும் அதை மனமுவந்து அனுப்ப ஆரம்பித்துவிடவில்லை. சுமார் 300 உயிர்கள், அதிலும் பெரும்பாலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஒரே நிமிஷத்தில் போன பிறகுதான் சட்டம் வந்தது.

எண்ணெய் கொழித்த ஊர்

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் நியூ லண்டன் என்று ஒரு சிற்றூர். 1930-ல் அந்தப் பக்கத்தில் எண்ணெய் ஊற்று கண்டார்கள். அமெரிக்கா முழுவதும் வேலையில்லாமல் ஜனங்கள் கஞ்சிக்கு வரிசையில் நின்ற காலம் அது. நியூ லண்டனில் மட்டும் லட்சுமி தாண்டவம் ஆடினாள். கிராமத்துப் பள்ளிக்கூடங்களிலேயே பெரிய பணக்காரப் பள்ளிக்கூடம் என்று பெயர் வாங்கும்படி ஒரு கட்டடம் எழுப்பினார்கள். செலவு சுமார் பத்து லட்சம் டாலர். பள்ளிக்கூட மைதானத்திலேயே எண்ணெய்க் கிணறுகள் இருந்தன என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்!

அத்தனை பணம் இருந்தும் ஒரு இடத்தில் கையைச் சுருக்கினார்கள். குளிர்காலத்தில் வகுப்புகளைச் சூடாக்க, ஓரிடத்தில் கொதிகலன் வைத்து நீராவி அனுப்பலாம் என்பது முதல் திட்டம். அதை விட்டுவிட்டு, அறைக்கு அறை காஸ் கணப்புகளை வைத்தார்கள். மொத்தம் 72 கணப்புகள். முதலில் கம்பெனியிடம் காசு கொடுத்துத்தான் காஸ் வாங்கினார்கள். 1937 ஆரம்பத்தில் அதற்கும் மனம் வரவில்லை.

அந்த வட்டாரத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எண்ணெயோடு மேலே வரும் வாயுவிலிருந்து பெட்ரோல் சத்தைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சுவதைக் கம்பெனிகள் வேண்டாத பொருளாகக் கொளுத்திவிடும். ராத்திரியெல்லாம் அந்தச் சுடர்கள் எரிந்து கொண்டிருக்கும். வீணாகப் போவதுதானே என்று, அந்தக் குழாயில் ஓட்டை போட்டு வீட்டுக்கு இழுத்துக் கொள்வது சர்வ சாதாரணம். கம்பெனிகள் சம்மதமும் தரவில்லை, தடுக்கவும் இல்லை. கண்டும் காணாமல் இருந்தார்கள். பள்ளிக்கூட நிர்வாகமும் அப்படியே செய்தது. மாதம் சுமார் 300 டாலர் மிச்சம்.

கட்டடத்தின் தரைக்கு அடியில், காற்று போக வழியில்லாத ஒரு பெரிய வெற்றிடம் இருந்தது. குழாய் இணைப்பில் எங்கேயோ கசிவு. வாயு அந்த வெற்றிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்து கொண்டே வந்தது. பிள்ளைகள் சில நாட்களாகத் தலைவலி, தலைவலி என்று சொல்லிக் கொண்டிருந்ததாகப் பிறகு தெரிய வந்தது. யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. எப்படி விளங்கும்? வாசனைதான் இல்லையே!

மாலை மூன்றே கால் மணி

1937-ம் ஆண்டு மார்ச் 18-ந்தேதி. வியாழக்கிழமை. சின்ன வகுப்புப் பிள்ளைகளை முன்னதாகவே விட்டுவிட்டார்கள். ஐந்தாம் வகுப்பு முதல் மேல் வகுப்பு வரையில் சுமார் 500 பேர் உள்ளே இருந்தார்கள். பக்கத்தில் தனியாக இருந்த உடற்பயிற்சிக் கூடத்தில் தாய்மார்களும் உபாத்தியாயர்களும் கூடிப் பேசிக் கொண்டிருந்தார்கள். பள்ளி விட இன்னும் சில நிமிஷங்கள்தான் பாக்கி.

மணி மூன்றே கால் இருக்கும். தச்சுப் பயிற்சி வகுப்பில் மரத்தைத் தேய்த்து மழமழப்பாக்கும் மின்சார இயந்திரத்தை ஒரு உபாத்தியாயர் போட்டார். ஒரு பொறி. அவ்வளவுதான்.

பார்த்தவர்கள் சொன்னார்கள்: கூரை மேலே எழும்பியதாம், அப்புறம் அப்படியே கீழே உட்கார்ந்ததாம். சுவர்கள் சரிந்தன. 2 டன் எடையுள்ள சிமெண்டுப் பாளம் ஒன்று பறந்து போய், நிறுத்தி வைத்திருந்த மோட்டார் காரை நசுக்கியது. கூட்டம் போட்டுப் பேசிக் கொண்டிருந்த தாய்மார்கள் வெளியே ஓடி வந்து பார்த்தபோது பள்ளிக்கூடம் இல்லை. புழுதிதான் இருந்தது.

எண்ணெய் வயல்களில் வேலை செய்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டு, பாரம் தூக்கும் சாமான்களோடு ஓடி வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள்தானே உள்ளே இருந்தார்கள்! ராத்திரி மழையும் பிடித்துக் கொண்டது. விளக்கு வெளிச்சத்தில் கையால் கல்லைப் புரட்டினார்கள். 17 மணி நேரத்தில் இடம் முழுவதும் காலியாகிவிட்டது. பக்கத்து டைலர் நகரத்தில் ஒரு புதிய ஆஸ்பத்திரியின் திறப்பு விழா மறுநாள் நடப்பதாக இருந்தது. விழா எதுவும் இல்லாமலே அன்று ராத்திரி கதவைத் திறந்தார்கள். செய்தி சேகரிக்க வந்த நிருபர்களில் 20 வயதுப் பையன் ஒருவர். பின்னாளில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெரும் புகழ் பெற்ற வால்டர் க்ரான்கைட்தான் அவர். பல தேசங்களிலிருந்து அனுதாபத் தந்திகள் வந்தன. ஜெர்மனியிலிருந்து ஹிட்லரும் ஒரு தந்தி அனுப்பினார்.

இடிபாடுகளுக்கு இடையே ஒரு கரும்பலகை அகப்பட்டது. எண்ணெயும் இயற்கை வாயுவும் இந்தப் பிரதேசத்துக்குக் கிடைத்த பெரும் பாக்கியம், அவை இல்லாவிட்டால் இந்தப் பள்ளிக்கூடமே இல்லை என்ற கருத்தில் அதில் எழுதியிருந்தது.

இறந்தவர்கள் சுமார் 300 பேர். கணக்கு இன்று வரை சரியாகத் தெரியாது. வேலை தேடி ஊர் ஊராகப் போகும் குடும்பங்கள், பிள்ளையின் உடலை எடுத்துக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டன. வழக்குகள் போட்டார்கள். சாட்சியம் போதவில்லை என்று தள்ளுபடியாயின. பள்ளிக்கூடத் தலைமை அதிகாரி பதவியை விட்டு விலகும்படி ஆயிற்று. அவருடைய மகனும் அந்த இடிபாட்டில் போயிருந்தான். பிழைத்தவர்கள் வெகு காலம் வாய் திறக்கவில்லை. அவர்கள் முதல் முறையாக ஒன்றுகூடியது 1977-ல். நாற்பது வருஷம் கழித்து!

நாற்றத்துக்கு ஒரு சட்டம்

விசாரணைக்கு வந்த நிபுணர்கள் சொன்னது இதுதான்: இந்த வாயுவில் நாற்றம் சேர்த்திருந்தால் யாராவது ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என்ன இது?" என்று கேட்டிருப்பார். நாற்றம் சேர்ப்பது அன்று புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. ஜெர்மனியில் 1880-களிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவிலும் சில ஊர்களில் சேர்த்து வந்தார்கள். கட்டாயம் இல்லை, அவ்வளவுதான். சில வாரங்களில் டெக்ஸாஸ் சட்டசபை கட்டாயமாக்கியது. பிறகு மற்ற மாநிலங்களும், மற்ற நாடுகளும் அந்த வழிக்கு வந்தன.

சேர்க்கும் சரக்குக்கு மெர்காப்டன் என்று பெயர். கந்தகச் சேர்மானம். பத்து லட்சம் கன அடி வாயுவுக்குச் சுமார் ஒரு ராத்தல் போதும். நூறு கோடிப் பங்கு காற்றில் சில பங்கு இருந்தாலும் மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். இயற்கை வாயு காற்றில் நூற்றுக்கு 5 பங்கு கலந்தால்தான் தீப்பிடிக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு 1 இருக்கும்போதே சாதாரண மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஆபத்துக்கு வெகு முன்னாலேயே மணி அடித்துவிட வேண்டும் என்று ஏற்பாடு.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அமெரிக்காவில் ஒரு வகைப் பிணந்தின்னிக் கழுகு உண்டு. தலை சிவப்பாக, வழுக்கையாக இருக்கும். பிணம் அழுகும்போதும் இந்த மெர்காப்டன் வெளிவரும். காட்டிலும் மலையிலும் போகும் காஸ் குழாயில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், கலிபோர்னியாவில் ஒரு கம்பெனியின் ஆட்கள் 1930-களில் வாயுவில் மெர்காப்டனைக் கூட்டி அனுப்பிவிட்டு ஆகாயத்தைப் பார்த்துக் கொண்டிருப்பார்களாம். கழுகுகள் எங்கே வட்டமிடுகின்றனவோ அங்கே கசிவு! கழுகுக்கு மோப்ப சக்தி உண்டா இல்லையா என்று பறவை நூல் பண்டிதர்கள் நூறு வருஷமாகச் சண்டை போட்டுக் கொண்டிருந்தார்கள். கென்னத் ஸ்டேகர் என்பவர் இந்தச் சங்கதியைக் கேள்விப்பட்டு ஆராய்ந்து, 1964-ல் உண்டு என்று நூல் எழுதினார்.

தபாலில் வந்த நாற்றம்

நாற்றம் சேர்த்துவிட்டால் போதுமா? அது என்ன நாற்றம் என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா? காஸையே காணாத பிள்ளைக்கு, சாக்கடை நாறுகிறது என்றுதானே தோன்றும்? தவிர, மூக்கை முழுக்க நம்பவும் முடியாது. வயதானால் மோப்பம் மங்கும். ஒரே வாடையில் இருந்து பழகிவிட்டால் மூக்கு மரத்துப் போகும். புதிய இரும்புக் குழாய் மெர்காப்டனை உறிஞ்சிக் கொள்ளும். மண்ணுக்குள் கசிந்தால் மண்ணும் உறிஞ்சும்.

ஆகவே அமெரிக்கக் கம்பெனிகள் ஒரு யுக்தி செய்தன. மாதாந்திர பில்லோடு ஒரு சிறு அட்டை. அதில் ஒரு இடத்தை நகத்தால் சுரண்டினால் காஸ் நாற்றம் வரும். நாற்றத்தை ஊசி முனையிலும் சிறிய உருண்டைகளில் அடைத்து, அட்டையில் பூசியிருப்பார்கள். சுரண்டினால் உருண்டை உடையும். "இந்த வாடை வந்தால் விளக்கைப் போடாதே, அணைக்காதே. வீட்டை விட்டு வெளியே போ. வெளியிலிருந்து போன் செய்" என்பது அதில் கண்ட உபதேசத்தின் சாரம். பிள்ளைகளுக்கு இது பெரிய குஷி. தாத்தா பாட்டி மூக்கருகே கொண்டு போய்க் காட்டுவார்கள். பாடமும் மனதில் பதிந்துவிடும். இதற்கு இணையாகப் பாமரருக்குப் புரியும் பிரசாரம் வேறொன்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் நாற்றத்தோடு விளையாடினால் சும்மா விடுமா? 1987-ல் பால்டிமோர் நகரத்து காஸ் கம்பெனி இந்த அட்டைகளை வீடு வீடாகத் தபாலில் அனுப்பியது. உறையைப் பிரிப்பதற்கு முன்பே வாடை வெளியே வந்துவிட்டது. "எங்கள் வீட்டில் காஸ் கசிகிறது!" என்று நூற்றுக்கணக்கான டெலிபோன்கள். 2013 மே மாதத்தில் மாண்டானா மாநிலத்தில் கிரேட் பால்ஸ் நகரத்தில் இதைவிட வேடிக்கை. காலாவதியான அட்டைகளைக் கம்பெனிக்காரர்கள் பெட்டி பெட்டியாகக் குப்பையில் போட்டார்கள். குப்பை லாரி வந்து அள்ளி நசுக்கிற்று. அட்டைகளையெல்லாம் ஒரே சமயத்தில் சுரண்டினது போல ஆயிற்று! லாரி போன தெருவெல்லாம் நாற்றம். கட்டடங்களைக் காலி செய்து ஜனங்களை வெளியே அனுப்பினார்கள். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. சிரிப்புதான் வருகிறது. இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வாடை வந்ததும் ஊர் வெளியே வந்து நின்றது. நியூ லண்டனில் கிடைக்காதது அதுதானே!

பள்ளம் தோண்டுகிறவர்கள் விஷயம் வேறு. மண்வெட்டியும் இயந்திரமும் பட்டுத்தான் எத்தனையோ குழாய்கள் உடைகின்றன. அமெரிக்காவில் 2007 முதல் இதற்கென்று 811 என்ற ஒரே எண். வேலிக்குக் கம்பம் நடுவதானாலும் முதலில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். கம்பெனி ஆட்கள் வந்து குழாய் போகும் வழியில் தரையில் வர்ணம் அடித்துவிட்டுப் போவார்கள். காஸுக்கு மஞ்சள், தண்ணீருக்கு நீலம், மின்சாரத்துக்குச் சிவப்பு. இதற்குக் கட்டணம் கிடையாது.

கோர்ட்டார் சொன்ன சேவை

இதையெல்லாம் கம்பெனியின் இஷ்டத்துக்கு விடாமல் 2005-ல் அமெரிக்க மத்திய சர்க்கார் விதியாகவே போட்டது. குழாய் ஓரத்தில் குடியிருப்பவர்களுக்கும், ஊர் அதிகாரிகளுக்கும், தீயணைப்புப் படையினருக்கும், தோண்டுகிறவர்களுக்கும் கம்பெனி தொடர்ந்து தகவல் சொல்லி வர வேண்டும். ஆங்கிலம் தெரியாதவர்கள் அதிகமாக உள்ள இடத்தில் அவர்கள் பாஷையிலும் சொல்ல வேண்டும். காகிதத்தில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது.

2010 செப்டம்பர் 9-ந்தேதி. சான் பிரான்சிஸ்கோவை அடுத்த சான் புரூனோ. மாலை ஆறு மணிக்குச் சற்று மேல். வீடுகளில் இரவுச் சாப்பாட்டுக்கு ஆயத்தம் நடக்கிற நேரம். திடீரென்று பூமி வெடித்துத் தீக்கம்பம் எழுந்தது. பக்கத்தில் விமான நிலையம் இருந்ததால் ஏதோ விமானம் விழுந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். விமானம் அல்ல. தெருவுக்கு அடியில் 30 அங்குல காஸ் குழாய் ஒன்று போய்க் கொண்டிருந்தது. 1956-ல் புதைத்தது. அது அங்கே இருப்பது குடியிருந்தவர்களில் பலருக்குத் தெரியாது. நெருப்பை அணைக்க வந்த உள்ளூர்ப் படையினருக்கே தெரியாது. வாயுவை நிறுத்துவதற்கு 95 நிமிஷம் பிடித்தது. 8 பேர் இறந்தார்கள். 38 வீடுகள் சாம்பலாயின.

கம்பெனியின் பெயர் பசிபிக் காஸ் அண்டு எலக்ட்ரிக். கலிபோர்னியாவின் பெரிய கம்பெனிகளில் ஒன்று. வெடித்த துண்டில் பற்றவைத்த மூட்டு குறையுள்ளதாக இருந்தது. கம்பெனியின் கணக்குப் புத்தகத்திலோ அது மூட்டே இல்லாத குழாய் என்று பதிவாகியிருந்தது! தன் சொத்தைப் பற்றித் தனக்கே தெரியாதவர்கள் ஊராருக்கு என்ன சொல்லியிருக்க முடியும்?

வழக்கு நடந்தது. 2016 ஆகஸ்டில் ஜூரிகள் கம்பெனியை 6 குற்றங்களில் குற்றவாளி என்று தீர்மானித்தார்கள். குழாய்ப் பாதுகாப்புச் சட்டத்தை மீறியது ஐந்து. விசாரணைக்கு இடையூறு செய்தது ஒன்று. மனிதனானால் சிறையில் போடலாம். கம்பெனியை எந்தச் சிறையில் போடுவது? 2017 ஜனவரியில் நீதிபதி தெல்டன் ஹெண்டர்சன் தண்டனையை அறிவித்தார். சட்டம் அனுமதித்த உச்ச அபராதமான 30 லட்சம் டாலர். ஐந்து வருஷம் கண்காணிப்பு. அதோடு 10,000 மணி நேரம் சமூக சேவை. கீழே வேலை செய்கிறவர்களை அனுப்பிவிட்டு மேலே இருப்பவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கொள்ள முடியாதபடி, அதில் 2,000 மணி நேரத்தை உயர் பதவியில் இருப்பவர்களே செய்து தீர வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

அதற்கு மேல் இன்னொன்றும் சொன்னார். காஸ் கம்பெனிகள் விளம்பரத்துக்குச் செலவு செய்வது வழக்கம்தானே? இந்தக் கம்பெனியும் 30 லட்சம் டாலர் வரையில் செலவு செய்து தொலைக்காட்சியிலும் பத்திரிகைகளிலும் விளம்பரம் செய்ய வேண்டும். தான் குற்றவாளி என்று தீர்ப்பாகியிருக்கிறது, என்ன குற்றம், என்ன தண்டனை, இனி இப்படி நேராமல் இருக்கத் தான் என்ன செய்கிறது என்பதையெல்லாம் அந்த விளம்பரத்தில் தன் வாயாலேயே சொல்ல வேண்டும்.